சோல் சாம்பிளில் ஒரு தனி ராப் ஆல்பம்: காயலிலிருந்து தொடங்குபவருக்கு முழுமையான வழிகாட்டி

ராப் எழுத வருகிறது. யூடியூபில் கிடைத்த பீட்டைப் போட்டு, போனிலேயே நாலைந்து பாட்டு பாடியும் பார்த்தாகிவிட்டது. கூட்டாளிகள் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். அடுத்தது நம் பெயரில் ஒரு முழு ஆல்பம். பழைய சோல் இசைத்தட்டுகளின் துணுக்குகளை வெட்டி, திருப்பிப் போட்டு, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை ஒரே மனநிலையில் ஓடும் ஆல்பம்.

காயல்பட்டினத்தில் இருந்துகொண்டே இதைச் செய்யலாம். சென்னைக்குக் குடிபோக வேண்டாம். வீட்டின் பின்கட்டில் ஓர் அறை, ஒரு லேப்டாப், எட்டு ஒன்பது மாதப் பொறுமை இருந்தால் போதும்.

வரிசைதான் முக்கியம். புதியவர்கள் பலரும் முதலில் பீட்டைக் கட்டிவிடுகிறார்கள். அதன்மேல் உயிரை வைக்கிறார்கள். பாட்டு வெளியாகி, யாரோ உரிமை கேட்டு அதை இறக்கச் சொன்ன பிறகுதான் அனுமதி ஞாபகத்துக்கு வருகிறது. நாம் அனுமதியில் ஆரம்பித்துப் பீட்டுக்கு வருவோம்.

சோல் என்றால் எது?

அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டு 1950-களில் வெளியே வந்து காதலையும் கஷ்டத்தையும் பாட ஆரம்பித்தது. அதுதான் சோல். ரே சார்ல்ஸ் 1954-இல் 'ஐ காட் எ வுமன்' பாடியபோது அதில் தேவாலயத்து ஓசை அப்படியே இருந்தது. சாம் குக், 'சோல் ஸ்டிரர்ஸ்' என்ற பக்திப் பாடல் குழுவிலிருந்து வந்தவர். அரீதா ஃபிராங்க்ளின் டெட்ராய்டில் தன் தந்தை போதகராக இருந்த தேவாலயத்தில் பாடி வளர்ந்தவர். தொண்டை கிழியப் பாடும் ஒரு குரல், அதற்குப் பதில் சொல்லும் கூட்டுக் குரல், பின்னால் ஆர்கன்.

ஹிப்ஹாப்காரர்கள் இந்தத் தட்டுகளை வெட்டினார்கள். 2001-இல் ஜே-ஸீயின் 'த புளூப்ரின்ட்', 2004-இல் கான்யே வெஸ்டின் 'த காலேஜ் டிராப்அவுட்', 2006-இல் ஜே டில்லாவின் 'டோனட்ஸ்' ஆகிய மூன்று ஆல்பங்களையும் வரிசையாகக் கேட்டுவிட்டு மேலே படியுங்கள். கான்யேயின் 'த்ரூ த வயர்' பாட்டில் ஷாக்கா கானின் 1984-ஆம் ஆண்டுப் பாட்டு வேகம் கூட்டப்பட்டு, குரல் கீச்சென்று ஏறி ஒலிக்கும். இந்த வித்தைக்கு 'சிப்மங்க் சோல்' என்றே பெயர் வந்துவிட்டது.

இதைக் கேட்கும் காயல்காரருக்கு ஏதோ தெரிந்த ஓசை போலிருந்தால் வியப்பில்லை. நம்மூர் காயல் ஷேக் முகம்மதுவையும் நாகூர் ஹனீபாவையும் கேட்டு வளர்ந்த காது இது. உச்சத்துக்கு ஏறும் தனிக்குரல், பின்னால் வாங்கிப் பாடும் குழு, இடையில் இழையும் ஆர்மோனியம். பக்தியில் பழகிய தொண்டையின் பலம்தான் இரண்டிலும் நிற்கிறது.

ஆக நம்மிடம் இரண்டு அலமாரிகள் இருக்கின்றன. அமெரிக்கத் தட்டை மட்டும் வெட்டினால் உலகத்தில் பல்லாயிரம் பேர் செய்ததைத்தான் நாமும் செய்வோம். வீட்டு அலமாரியை மட்டும் தொட்டால் வேறு சில பொறுப்புகள் வரும், அவற்றைப் பின்னால் பார்ப்போம். என் யோசனை: கார்டும் தாளமும் அமெரிக்க அலமாரியின் பாணியில், குரல் வீட்டு அலமாரியின் பாணியில்.

சாம்பிள் எடுக்க எத்தனை வழி?

மூன்று. முதல் வழி நேரடி வெட்டு, அதாவது பழைய ஒலிப்பதிவையே எடுத்துப் பயன்படுத்துவது. இரண்டாவது ரீப்ளே: பழைய மெட்டை நாமே மறுபடி வாசித்தோ பாடியோ பதிந்து, அதை வெட்டுவது. மூன்றாவது, உரிமைச் சிக்கல் இல்லாமல் சந்தாவுக்குக் கிடைக்கும் ஆயத்தத் துணுக்குகள்.

முதல் இரண்டையும் ஒரே ஆல்பத்தில் கேட்க வேண்டுமானால் ஈழத்துப் பின்னணி கொண்ட லண்டன் கலைஞர் எம்.ஐ.ஏ.வின் 'கலா' (2007) இருக்கிறது. அதன் முதல் பாட்டு 'பாம்பூ பங்கா'வில் 'தளபதி' படத்தின் 'காட்டுக்குயிலு' பாட்டிலிருந்து வெட்டிய துணுக்கு வருகிறது. அதே ஆல்பத்தின் 'ஜிம்மி', 'டிஸ்கோ டான்ஸர்' படத்துப் பாட்டை அவரே புதிதாகப் பாடியது. மலேசியாவின் யோகி பி – நட்சத்ரா 2006-இல் 'வல்லவன்' ஆல்பத்தில் 'நிழல்கள்' படத்து 'மடை திறந்து' பாட்டின் மேல் ராப்பை ஏற்றியது தமிழ் ராப் கேட்கும் எல்லோருக்கும் தெரியும்.

தொடங்குபவருக்கு நான் சிபாரிசு செய்வது ரீப்ளே. காரணம் அடுத்த தலைப்பில் இருக்கிறது.

அனுமதி: யாரிடம், எதற்கு?

ஒரு பாட்டில் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. ஒன்று மெட்டும் வரியும். அது இசையமைப்பாளர், கவிஞர் அல்லது அவர்களிடமிருந்து உரிமை வாங்கிய பதிப்பாளருடையது. மற்றொன்று ஒலிப்பதிவு. அது பெரும்பாலும் கேசட் அல்லது இசைத்தட்டு கம்பெனியுடையது. நேரடி வெட்டுக்கு இரண்டு பேரிடமும் அனுமதி வேண்டும். ரீப்ளே என்றால் முதலாமவர் மட்டும் போதும். வேலையும் செலவும் பாதியாகக் குறைவது இங்கேதான்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி ஒலிப்பதிவின் உரிமை வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம். 1960-இல் வெளிவந்த தட்டுக்கு 2020 டிசம்பரோடு காலம் முடிந்தது. ஆனால் மெட்டுக்கும் வரிக்கும், எழுதியவர் இறந்த பிறகு 60 வருடம். ஆகவே தட்டு பழசாக இருப்பதாலேயே பாட்டு பொதுச்சொத்து ஆகிவிடாது. கவிஞரும் இசையமைப்பாளரும் எப்போது இறந்தார்கள் என்று பாருங்கள்.

அமெரிக்கச் சோல் தட்டு இன்னும் கடினம். அங்கே 2018-இல் வந்த சட்டத்தின்படி 1957 முதல் 1972 பிப்ரவரி நடுப்பகுதி வரை வெளியான ஒலிப்பதிவுகளுக்கு 2067 பிப்ரவரி வரை பாதுகாப்பு உண்டு. சோல் இசையின் பொற்காலத்தில் பெரும்பகுதி அதற்குள் வந்துவிடுகிறது. நம் ஆல்பம் இணையத்தில் ஏறினால் அமெரிக்காவிலும் ஒலிக்கும் என்பதால் அந்தச் சட்டமும் நமக்குப் பொருந்தும்.

'மூணு செகண்ட் எடுத்தா ஒண்ணும் ஆகாது' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்படி ஒரு விதி எந்தச் சட்டத்திலும் இல்லை. இரண்டு வினாடி கிட்டார் துணுக்குக்காகத் தொடர்ந்த வழக்கில், அனுமதி வாங்கு அல்லது தொடாதே என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 2005-இல் தீர்ப்புச் சொன்னது. அதற்கு முன்பே, 1991-இல், ராப் பாடகர் பிஸ் மார்க்கியின் ஆல்பம் ஒரே ஒரு சாம்பிளால் கடையிலிருந்து திரும்பியது. லதா மங்கேஷ்கர் பாடிய ஓர் இந்திப் பாட்டை வெட்டி 2002-இல் வந்த 'அடிக்டிவ்' என்ற பாட்டுக்கு, இசையமைப்பாளர் பப்பி லஹிரியின் பெயரைப் போடும்வரை விற்கக் கூடாது என்று அமெரிக்க நீதிமன்றம் தடை விதித்தது. நம் பக்கத்தில், 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படத்தில் 'கண்மணி அன்போடு' பாட்டைப் பயன்படுத்தியதற்காக 2024-இல் இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது.

எப்படிக் கேட்பது? கேசட்டின் அட்டையை எடுங்கள். வட்டத்துக்குள் 'பி' எழுத்து, பக்கத்தில் ஆண்டு, கம்பெனி பெயர். அதுதான் ஒலிப்பதிவின் உரிமையாளர் பற்றிய முதல் தடயம். பழைய எச்.எம்.வி. தட்டு என்றால் இன்றைக்கு சரிகம நிறுவனத்திடம் போக வேண்டும். மெட்டு, வரி உரிமைக்கு ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கத்தில் முதலில் விசாரியுங்கள். சின்ன கம்பெனிகள் பல மூடிப்போயின. அப்போது பாடகர், கவிஞர் குடும்பத்தாரைத் தேட வேண்டும். காயலில் இது அவ்வளவு கஷ்டமில்லை. நாலு பேரைக் கேட்டால் ஐந்தாவது ஆள் உறவுக்காரராக இருப்பார். 'காக்கா, இந்தப் பாட்டு எழுதினவங்க வீடு எது?' என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

வாய்ப்பேச்சோடு நிறுத்தாதீர்கள். எந்தப் பாட்டு, எந்த இடம், எத்தனை வினாடி, எந்தப் பெயரில் வெளியீடு, எவ்வளவு தொகை அல்லது எத்தனை சதவீதப் பங்கு, எந்தெந்த நாடு, எத்தனை வருடம் என்று ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். திருநெல்வேலியிலோ தூத்துக்குடியிலோ ஒரு வக்கீலிடம் ஒரே ஒரு முறை காட்டிவிடுவது நல்லது.

சட்டத்தில் ஐந்து ஆண்டு கழிந்த பாட்டைக் கவர் வெர்ஷனாகப் பாடச் சட்டப்பூர்வ உரிமம் உண்டு என்று படித்திருப்பீர்கள். அது மெட்டையும் வரியையும் மாற்றாமல் பாடுவதற்கு. நடுவில் நம் ராப்பைச் செருக அது உதவாது.

எதைத் தொடக் கூடாது?

குர்ஆன் ஓதலையும் பாங்கோசையையும் ஹதீஸ் வாசிப்பையும் வெட்டாதீர்கள். அனுமதி இருந்தாலும் வேண்டாம். 2020 அக்டோபரில் பாடகி ரிஹானாவின் உள்ளாடை நிறுவனம் நடத்திய நிகழ்ச்சியில் ஒலித்த ஒரு பாட்டில் ஹதீஸ் வாசகம் கலந்திருந்தது. ரிஹானாவும் மன்னிப்புக் கேட்டார், அந்தப் பாட்டை உருவாக்கிய கூகூ குளோயியும் மன்னிப்புக் கேட்டார். பொருள் தெரியாமல் ஓசைக்காக எடுத்ததில் வந்த வினை அது. நமக்குப் பொருள் தெரியும் என்பதால் சாக்கும் சொல்ல முடியாது.

பக்திப் பாட்டின் துணுக்கை எடுத்தால் அதன்மேல் என்ன வரியை வைக்கிறோம் என்பதையும் யோசிக்க வேண்டும். நபி புகழ் பாடும் குரலின் மேல் வசவு ராப் வைத்தால் ஊரில் தலைகாட்ட முடியாது, அது நியாயமும்கூட. வார்த்தையில்லாத ஆலாபனை, குழுவின் ஹம்மிங், ஆர்மோனிய இடையிசை, இவை பாதுகாப்பானவை. பீட்டுக்கும் இவைதான் நன்றாகப் பொருந்தும்.

இன்னொன்று. இசைக்கருவி விஷயத்தில் சில வீடுகளில் மறுப்பு இருக்கும். ஒளித்துச் செய்வதைவிட வாப்பாவிடமும் உம்மாவிடமும் முதலிலேயே பேசிவிடுங்கள். தாளத்தை தஃப், பக்கீர்கள் தட்டும் தாயிரா, கைதட்டு, குரல் ஆகியவற்றால் மட்டுமே அமைத்து ஓர் ஆல்பம் செய்தால் பேச்சும் சுலபமாகும், மற்ற ராப் ஆல்பங்களிலிருந்து ஓசையும் தனித்து நிற்கும்.

என்னென்ன வாங்க வேண்டும்?

லேப்டாப் ஏற்கெனவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 8 ஜி.பி. ராம் இருந்தால் ஓடும்.

மென்பொருளுக்கு இப்போதே பணம் போட வேண்டாம். வெட்டிப் பழக ஆடாசிட்டியும் பேண்ட்லேபும் இலவசம். முழு வேலைக்கு ரீப்பர் போதும். 60 நாள் சும்மா பயன்படுத்திப் பார்க்கலாம், பிறகு தனிநபர் உரிமம் 60 டாலர். எஃப்.எல். ஸ்டுடியோ வாங்குவதானால் அதன் மிகக் குறைந்த விலைப் பதிப்பை வாங்காதீர்கள். அதில் குரல் பதிவு செய்ய முடியாது.

கருவிகள் தோராய விலையில்: ஆடியோ இன்டர்பேஸ் 8,000 முதல் 14,000 ரூபாய். மைக் 6,000 முதல் 10,000. மூடிய வகை ஹெட்போன் 4,000 முதல் 5,000. ஸ்டாண்டு, பாப் ஃபில்டர், வயர் சேர்த்து 2,000. மைக்கில் ஒரு யோசனை: அறை எதிரொலித்தால் கண்டென்சரைவிட மேடையில் பயன்படும் டைனமிக் மைக்கே மேல். கடல் காற்றில் உப்பு இருக்கிறது. வேலை முடிந்ததும் மைக்கை சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் போட்டு மூடுங்கள்.

ஸ்பீக்கர், கீபோர்டு, பேட் எல்லாம் பின்னால் பார்க்கலாம். அவை இல்லாததால் ஆல்பம் நின்றுபோகாது.

கேசட்டைக் கணினிக்குள் கொண்டுவருவது

காயலில், வெளிநாடு போய்வந்த சபராளிகள் கொண்டுவந்த டேப் ரிக்கார்டர் இன்றும் பல வீட்டுப் பரணில் கிடக்கும். ஓடுகிறதா என்று வேண்டாத கேசட்டைப் போட்டு முதலில் பாருங்கள். பழைய பெல்ட் தளர்ந்திருந்தால் நல்ல கேசட்டைத் தின்றுவிடும்.

ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் ஹெட்டைத் துடையுங்கள். பஞ்சில் காப்பிநிறம் வருவது நின்றால் சுத்தம். நாடாவில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் ஓட விடாமல் எடுத்து வையுங்கள். கேசட்டை ஒருமுறை முழுக்க முன்னும் பின்னும் ஓட்டிவிட்டு, ஹெட்போன் துளையிலிருந்து இன்டர்பேஸின் லைன் துளைக்கு வயரைக் கொடுங்கள். 24 பிட் வேவ் கோப்பாகப் பதியுங்கள். உச்ச ஒலி மைனஸ் 6 டெசிபலைத் தாண்ட வேண்டாம். இரைச்சலை நீக்கும் ஆசையை இப்போதைக்கு அடக்குங்கள். அந்த உஸ் என்ற சத்தம்தான் பிறகு பீட்டுக்கு வயதைக் கொடுக்கும்.

கோப்புக்குப் பாடகர், பாட்டு, கம்பெனி, ஆண்டு எல்லாம் சேர்த்துப் பெயர் வையுங்கள். ஆறு மாதம் கழித்து 'டிராக்07' எது என்று யாருக்கும் தெரியாது.

பீட் கட்டுவது எப்படி?

சாவகாசமாகச் செய்ய வேண்டிய இடம் இது. 90 பி.பி.எம்., அதாவது நிமிடத்துக்கு 90 அடி வேகத்தை எடுத்துக்கொள்வோம். சோல் சாம்பிள் ராப்புக்கு 80-லிருந்து 95 வரை வசதியான வேகம். 90-இல் ஓர் அடி 0.67 வினாடி. நாலு அடி சேர்ந்த ஒரு பார் 2.67 வினாடி. நமக்கு வேண்டியது இரண்டு அல்லது நாலு பார் துணுக்கு, அதாவது ஐந்திலிருந்து பதினொரு வினாடி.

பாட்டு முழுவதையும் கண்ணை மூடிக் கேளுங்கள். பல்லவிக்கு முன்னால் உள்ள இசை, சரணத்துக்கு நடுவில் குரல் தனியாக நிற்கும் இடம், முடிவில் குழு மங்கிப்போகும் இடம், இந்த மூன்றிலும் குறி வையுங்கள். எல்லோருக்கும் தெரிந்த பல்லவியை எடுத்தால் கேட்பவர் பழைய பாட்டைத்தான் கேட்பார், நம்மை அல்ல.

அடுத்து வெட்டு. பழைய பாட்டுகள் கிளிக் டிராக்கில் பாடப்படவில்லை, வேகம் முன்பின் போகும். ஆகவே முழு நாலு பாரையும் ஒரே துண்டாக எடுக்காமல், ஒவ்வோர் அடியின் தொடக்கத்திலும் வெட்டி எட்டு அல்லது பதினாறு துண்டுகளாக்குங்கள். வெட்டுவாய், தாளம் விழும் கணத்துக்கு ஒரு மயிரிழை முன்னால் இருக்கட்டும். குரலில் வெட்டினால் பாடகர் மூச்சு இழுக்கும் சத்தத்தையும் சேர்த்து எடுங்கள். அந்த மூச்சை அடிக்கு முன்னால் வைத்தால் பீட்டே மூச்சு விடுவது போலாகும்.

துண்டுகளை ஒன்று, மூன்று, இரண்டு, இரண்டு என்று கலைத்துப் போட்டுப் பாருங்கள். பழைய மெட்டு மறைந்து புது மெட்டு தலைகாட்டும் கணம் ஒன்று வரும். அங்கே நிறுத்துங்கள்.

சிப்மங்க் வித்தை வேண்டுமா? எல்.பி. தட்டை 33-க்குப் பதிலாக 45 வேகத்தில் ஓட்டியது போலக் கணக்கிடுங்கள். வேகம் 35 சதவீதம் கூடும், சுருதி ஐந்து அரைச்சுரத்துக்குக் கொஞ்சம் மேலே போகும். 68 பி.பி.எம்.மில் ஊரும் பாட்டு 92-க்கு வந்துவிடும். ஹனீபாவைப் போன்ற கனத்த ஆண்குரலை இப்படி ஏற்றினால் வயது தெரியாத ஒரு குரல் கிடைக்கும். பெண்குரலை இவ்வளவு ஏற்றினால் சில நேரம் பொம்மைச் சத்தமாகிவிடும். அப்போது அதை இறக்கிப் பாருங்கள்.

நம் பாட்டுகளுக்கே உரிய இரண்டு சிக்கல்கள். ஒன்று, ஆர்மோனியச் சுருதி. பழைய பெட்டிகள் இன்றைய கீபோர்டு சுருதியோடு சரியாக ஒட்டாது, கேசட் வேகமும் சேர்ந்து அதை நகர்த்தும். சாம்பிளைக் கீபோர்டுக்கு இழுக்காமல், பேஸை சாம்பிளுக்கு ஏற்ப சில சென்ட் நகர்த்துங்கள். இரண்டு, தாளம். எட்டு மாத்திரையில் போகும் பாட்டு ராப்பின் நாலடியில் அப்படியே உட்காரும். ஆறு மாத்திரைப் பாட்டு உட்காராது. அதில் குரலை மட்டும் பிரித்தெடுத்து, தாளத்தை விட்டுவிடுவதே சுலபம். குரலைப் பிரிக்க அல்டிமேட் வோக்கல் ரிமூவர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது.

கடைசியாக, சாம்பிளின் அடித்தொனியை 120 ஹெர்ட்ஸ் அளவில் வெட்டிவிட்டு நம் பேஸையும் கிக்கையும் அங்கே வையுங்கள். தஃப் வாசிப்பவரை ஒரு மாலை அழைத்து, ஓரம், நடு, உள்ளங்கை என்று தனித்தனி அடிகளாகப் பதிந்து வைத்துக்கொண்டால் ஆல்பம் முழுவதற்கும் நம் சொந்த டிரம் கிட் தயார்.

ரீப்ளே வழியில் போனால் இதே வேலைக்கு ஆர்மோனியக்காரர் ஒருவர், பாடும் தொண்டை இரண்டு போதும். ஒரே மாலையில் மூன்று நாலு பாட்டுக்கான துணுக்குகளைப் பதியலாம். பதிந்ததை ஒரு பழைய கேசட்டில் ஏற்றித் திரும்ப எடுத்தால் முப்பது வருடத்துப் பதிவு போலவே ஒலிக்கும். சம்பளத்தைப் பேசிக் கையோடு கொடுத்துவிட்டு, பயன்படுத்தும் உரிமைக்குக் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள்.

வரி எழுதுவது

90 வேகத்தில் 16 பார் சரணம் 43 வினாடி, 8 பார் ஹுக் 21 வினாடி. முகப்பு, இரண்டு சரணம், இரண்டு ஹுக், முடிப்பு சேர்ந்தால் இரண்டரை நிமிடம். புதியவருக்கு இது போதுமான நீளம்.

பயிற்சிக்கு வெளியே போக வேண்டாம். காயலில் பிறந்த சதக்கத்துல்லாஹ் அப்பா, 'வித்ரிய்யா' என்ற அரபுக் கவிதைக்குத் தக்மீஸ் எழுதினார். பழைய கவிதையின் ஈரடிக்கு முன்னால் தன் மூன்று அடிகளை, முதலடியின் இயைபு பிசகாமல் சேர்த்து ஐந்தாக்குவது தக்மீஸ். சாம்பிள் ஹுக்குக்கு ராப் எழுதும்போதும் நாம் செய்ய வேண்டியது இதுவே: பழைய குரல் சொல்லும் சொல்லில் போய் இயல்பாக இறங்கும்படி நம் மூன்று வரிகளை அமைப்பது. சந்தத்துக்குக் காயல் காசிம் புலவர் இருக்கிறார். அருணகிரியாரின் திருப்புகழ்ச் சந்தங்களில் நபிகள் மீது திருப்புகழ் பாடியவர். அந்தப் புத்தகத்தைத் தேடி எடுத்து, 90 பி.பி.எம். கிளிக் போட்டு உரக்கப் படியுங்கள். நாக்கு எங்கே தடுக்குகிறதோ அங்கே நம் ராப்பும் தடுக்கும்.

எழுதும் பேச்சு காயல் பேச்சாகவே இருக்கட்டும். லாத்தா, காக்கா, சபர், முடுக்கு எல்லாம் வரட்டும். சென்னைத் தமிழை இரவல் வாங்கிப் பாடினால் சென்னைக்காரரும் நம்ப மாட்டார், ஊர்க்காரரும் நம்ப மாட்டார்.

குரல் பதிவு

மெத்தையும் துணி அலமாரியும் உள்ள அறையைத் தேர்ந்தெடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். பாங்கு நேரங்களைக் குறித்துவைத்து நடுவில் வேலையை வையுங்கள். இஷாவுக்குப் பிறகு தெரு அடங்கும், அதுதான் தோதான நேரம். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி. ஒவ்வொரு சரணத்தையும் முழுதாகப் பாடிப் பதியுங்கள். வரி வரியாக ஒட்டினால் மூச்சு பொய்யாகிவிடும்.

மிக்ஸ், மாஸ்டர்

மிக்ஸை நாமே செய்து பார்க்கலாம். முன்னிறுத்த நினைக்கும் இரண்டு மூன்று பாட்டுகளை மட்டும் அனுபவமுள்ள ஒருவரிடம் கொடுங்கள். ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் ஏறத்தாழ மைனஸ் 14 லஃப்ஸ் அளவுக்குச் சமன் செய்துவிடும். ஆகவே காது வலிக்கச் சத்தம் ஏற்றியும் பலனில்லை. காரில், போன் ஸ்பீக்கரில், பத்து ரூபாய் இயர்போனில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

எத்தனை பாட்டு, எந்த வரிசை?

ஒன்பது பாட்டு போதும். இரண்டு சின்ன இடைத்துணுக்குகள் சேர்த்து அரைமணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். இடைத்துணுக்குகளுக்குப் பணம் வேண்டாம். மாலையில் கடற்கரைப் பேச்சு, ஆறுமுகநேரி உப்பளத்தில் உப்பு வாரும் சத்தம், திருச்செந்தூர் பாசஞ்சர் காயல் ஸ்டேஷனில் நிற்கும் சத்தம் எல்லாம் போனிலேயே பதியலாம். மனிதர் பேச்சு அடையாளம் தெரியும்படி விழுந்தால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஒன்பது பாட்டுக்கு ஒன்பது பாடகரை வெட்டாதீர்கள். ஒன்று அல்லது இரண்டு மூலங்களோடு நில்லுங்கள். அனுமதிக் கடிதமும் குறையும், ஆல்பமும் ஒரே வீட்டில் பிறந்த பிள்ளைகள் போலிருக்கும்.

மொத்தம் எவ்வளவு ஆகும்?

நடுத்தரமான ஒரு கணக்கு: கருவிகள் 28,000. ஆர்மோனியம், குரல், தஃப் கலைஞர்களுக்கு 15,000. மூன்று பாட்டு மிக்ஸ் 15,000. ஒன்பது பாட்டு மாஸ்டரிங் 13,500. அட்டைப்படம் 4,000. வக்கீல் 5,000. வெளியீட்டுச் சந்தா 2,000. ஆக 82,500 ரூபாய். பேரம் பேசினால் குறையும், ஆசை கூடினால் ஏறும். சாம்பிள் உரிமைத்தொகை இதில் இல்லை. அது ஆளுக்கு ஆள் மாறும், குடும்பத்தார் பங்கு மட்டும் போதும் என்றும் சொல்லலாம்.

எல்லாப் பணத்தையும் முதல் மாதமே எடுத்து வைக்க வேண்டியதில்லை. கருவிக்கு முதலில், கலைஞர்களுக்கு மூன்றாவது மாதம், மிக்ஸுக்கு ஆறாவது மாதம். ஒரு பாட்டுகூட முடியாமல் அட்டைப்படத்துக்குச் செலவழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வரிசை வேண்டாம்.

வெளியீடு, வருமானம், கவனம்

ஸ்பாட்டிஃபையிலும் ஜியோசாவனிலும் நாம் நேராக ஏற்ற முடியாது. டிஸ்ட்ரோகிட், டியூன்கோர், ரூட்நோட் போன்ற விநியோகச் சேவை வழியாகப் போக வேண்டும். சில ஆண்டுச் சந்தா வாங்கும். ரூட்நோட்டின் இலவசத் திட்டத்தில் வருமானத்தில் 15 சதவீதம் போகும். ஏற்றும்போது சாம்பிள் இருக்கிறதா என்று கேட்பார்கள். இருக்கிறது என்று உண்மையைச் சொல்லி அனுமதிக் கடிதத்தை இணையுங்கள். மறைத்தால் யூடியூபின் கன்டென்ட் ஐ.டி. கண்டுபிடித்துவிடும்.

வெளியீட்டுத் தேதிக்கு ஒரு மாதம் முன்னால் ஏற்றிவிடுங்கள். ஸ்பாட்டிஃபை ஆசிரியர் குழுவுக்குப் பாட்டைப் பரிந்துரைக்க வெளியீட்டுக்குக் குறைந்தது ஏழு நாள் முன்பாவது அனுப்பியிருக்க வேண்டும்.

வருமானத்தில் பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம். 2021-இல் 'எஞ்சாய் எஞ்சாமி' பாட்டு கோடிக்கணக்கானவர்களைச் சென்றடைந்தது. அதிலிருந்து தனக்கும், அதைப் பாடிய அறிவு, தீ இருவருக்கும் ஒரு பைசாகூட வரவில்லை என்று 2024-இல் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் பொதுவெளியில் சொன்னார். அவர்களுக்கே அப்படி. ஆகவே ஒவ்வொரு பாட்டுக்கும் எழுதியவர், பீட் கட்டியவர், வாசித்தவர், சாம்பிள் கொடுத்தவர் ஒவ்வொருவருக்கும் எத்தனை சதவீதம் என்று ஒரு தாளில் எழுதி, வெளியீட்டுக்கு முன்பே எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். பாட்டு ஓடிய பிறகு பங்கு பேசினால் நட்பு கெடும்.

பிறகு ஐ.பி.ஆர்.எஸ்.ஸில் எழுத்தாளராகவும் இசையமைப்பாளராகவும் உறுப்பினராகி ஒன்பது பாட்டையும் பதியுங்கள். சாம்பிள் மூலத்தின் மெட்டுக்காரர் பெயரையும் அவர் பங்கோடு அதில் சேர்க்க வேண்டும். அனுமதிக் கடிதங்கள், பங்குத் தாள், வேவ் கோப்புகள், ரீப்பர் புராஜெக்ட் கோப்புகள் எல்லாவற்றையும் இரண்டு ஹார்டு டிஸ்கில் வைத்து, ஒன்றை வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள். யாராவது உரிமை கேட்டுப் புகார் அனுப்பினால் பதில் சொல்லச் சில நாள்தான் கிடைக்கும், அப்போது கடிதத்தைத் தேடிக்கொண்டிருக்க நேரமிருக்காது.